வீரகத்தியின் முன்கண்ணாடி

ஒற்றைக் கண்ணன் மோட்டார் சைக்கிள் ஓடக்கூடாது என்று எந்தச் சட்டத்தில் எழுதிக் கிடக்கிறது என்று வீரகத்தி கேட்டபோது, என் கடையில் நின்ற ஐந்து பேரில் ஒருவருக்கும் பதில் தெரியாது. தெரியாவிட்டால் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஐந்து பேரும் ஒரே நேரத்தில் பேசினோம். அந்த ஐவரில் நானும் ஒருவன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

என் பெயர் பரமலிங்கம். புதுக்குடியிருப்புச் சந்தியில் சைக்கிள் திருத்துகிற கடை வைத்திருக்கிறேன். முல்லைத்தீவிலிருந்து பரந்தனுக்குப் போகிற தெரு என் கடை வாசலால்தான் போகிறது. அந்தக் காலத்தில் அதில் ஓடிய மோட்டார் சைக்கிள்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம். அவற்றில் மீன் மணத்தது வீரகத்தியினுடையது மட்டுந்தான்.

அவனுடைய வாழ்க்கை ஒரு வெட்கக்கேட்டில் தொடங்கியது. முல்லைத்தீவுக் கடற்கரையில் பிறந்தவன், கரைவலைக்காரனின் மகன், தோணியில் ஏறினால் சத்தி எடுப்பான். பதினாறு வயதில் மூன்று தரம் ஏற்றிப் பார்த்தார்களாம். மூன்று தரமும் குடல் வெளியே வருமளவுக்குச் சத்தி. கரையில் நின்ற சனம் வயிறு நோகச் சிரித்தது. வேறொருவன் என்றால் ஊரை விட்டு ஓடியிருப்பான், இல்லாவிட்டால் பல்லைக் கடித்துக்கொண்டு கடலுக்குப் போயிருப்பான். இவன் இரண்டையும் செய்யவில்லை. "மீனைப் பிடிக்க ஊர் முழுக்க ஆள் இருக்கு. கொண்டுபோய் விக்கத்தான் ஆள் இல்லை" என்று சிரித்தவர்களின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, ஒரு பழைய சைக்கிளின் பின்னால் கடகத்தைக் கட்டினான்.

தர்மபுரம், வட்டக்கச்சிப் பக்கமெல்லாம் யாழ்ப்பாணத்துச் சனம் வந்து காடு வெட்டிக் குடியேறிக்கொண்டிருந்த காலம் அது. அவர்களிடம் வயல் இருந்தது, வாய்க்காலில் தண்ணீர் இருந்தது, கடல் மீன்தான் இல்லை. குளத்து மீன் சேறு மணக்கிறது என்று மூக்கைச் சுளித்துக்கொண்டு சாப்பிட்ட சனம். ஆனால் சைக்கிளில் போனால் தர்மபுரத்துக்கு மத்தியானமாகிவிடும், சூடை மீன் வயிறு வெடித்துவிடும். ஐம்பத்தேழாம் ஆண்டு கிளிநொச்சியில் இருந்த ஒரு ஓவசியர் மாற்றலாகிப் போகும்போது தன்னுடைய பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிளை விற்றார். வீரகத்தி அதை வாங்கினான். மீன்காரனுக்கு மோட்டார் சைக்கிளா என்று எங்கள் சந்தி வாயைப் பிளந்தது. அவன் பின்பக்கத்தில் தகரம் அடித்த மரப்பெட்டி ஒன்றைப் பூட்டி, ஈரச்சாக்கு விரித்து, காலை எட்டு மணிக்குத் தர்மபுரத்தில் நின்றான். செவுள் சிவப்பு மாறாத மீன். அதற்குப் பிறகு எவரும் வாயைப் பிளக்கவில்லை, சட்டியைத்தான் நீட்டினார்கள்.

கண் போனது அறுபதாம் ஆண்டு ஆடி மாதம். சோளகக் காற்று முகத்தில் அறைகிற நாள்கள். விசுவமடுவுக்குக் கிட்ட ஒரு கறுத்த வண்டு வந்து இடது கண்ணில் மோதியது. அவன் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, வண்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு, தலைத்துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு தர்மபுரத்துக்குப் போய் முழு மீனையும் விற்றுவிட்டுத்தான் திரும்பினான். இதை ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். பெருமையாவது மண்ணாவது! சுத்த விசர்த்தனம். மீன் செதில் பட்ட கையால் கண்ணைக் கசக்கியவன் நேரே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. வீட்டில் அவன் பெண்சாதி இலட்சுமி, பக்கத்து வளவில் பிள்ளை பெற்றிருந்த ஒருத்தியிடம் சிரட்டையில் தாய்ப்பால் வாங்கிவந்து மூன்று நாள் கண்ணுக்குள் விட்டாள். எங்கள் பக்கத்தில் கண்ணில் எது பட்டாலும் முதல் மருந்து அதுதான். நாலாம் நாள் யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரிக்குப் போனபோது பிந்திவிட்டது. இடது கண்ணை எடுத்துவிட்டார்கள்.

இலட்சுமி அந்தச் சிரட்டையை மறக்கவில்லை. அவள் யாரிடமும் அழவில்லை, ஆனால் அன்றிலிருந்து அவள் பார்வை எப்போதும் புருஷனின் வலது கண்ணிலேயே நின்றது. அவன் சோறு தின்னும்போதும் அதைத்தான் பார்த்தாள். புண் ஆறி, அடுத்த வருஷம் என் கடையில் அவன் சட்டம் கேட்ட அந்த நாளில் அவளும் வாங்குப் பலகையில் இருந்தாள். நாங்கள் ஐந்து பேரும் கத்தி ஓய்ந்த பிறகு அவள் மெதுவாகச் சொன்னாள்.

"சட்டம் சொல்லாட்டி நான் சொல்லுறன். இனி ஓட வேண்டாம். பரந்தன் மில்காரச் சிற்றம்பலத்தார் மோட்டார் சைக்கிளைக் கேட்டு ரண்டு தரம் ஆள் அனுப்பிப்போட்டார். குடுப்பம்."

"குடுத்துப்போட்டு?"

"கரையிலை மீன் வாடியிலை மீன் வெட்டலாம். கருவாடு போடலாம்."

"மற்றவன் பிடிச்ச மீனை நிலத்திலை குந்தியிருந்து வெட்டவோ நான் இவ்வளவு பாடுபட்டனான்?" வீரகத்தி எழுந்தான். "கண்ணுக்கு முன்னாலை ஒரு மறைப்பு இருந்தாச் சரிதானே? லொறிக்காரன் என்ன, கண்ணை மூடிக்கொண்டே ஓடுறான்? அவனுக்கு முன்னாலை கண்ணாடி இருக்கு. எனக்கும் ஒண்டு பூட்டுவன்."

 இலட்சுமி தன் தீர்ப்பைச் சொன்னாள். ஐப்பசியில் முதல் மழை விழும், மறுநாள் ஈசல் கிளம்பும். அதுவரைக்கும் ஓடலாம். ஈசல் கிளம்புகிற அன்று ஒரு செட்டை அந்த வலது கண்ணில் பட்டாலும் மோட்டார் சைக்கிள் சிற்றம்பலத்தாருக்கு. அதுவரை ஒவ்வொரு பின்னேரமும் அவளே அதைப் பூவரச மரத்தோடு சங்கிலி போட்டுப் பூட்டுவாள், பூட்டின் திறப்பு அவளுடைய சீலைத் தலைப்பில் முடிந்திருக்கும்.

"சரி" என்றான் வீரகத்தி. "ஈசலை வரச்சொல்லு."

முன்கண்ணாடி ஆவணியில்தான் வந்தது. அதுவரைக்கும் அவன் வெல்டிங் அடிக்கிறவர்கள் போடுகிற கறுத்தக் கண்ணாடியைக் கூடப் போட்டுப் பார்த்தான். பட்டப்பகலில் மாட்டில் மோதப் பார்த்தான். கடைசியில் கொழும்புக்கு நெல் ஏற்றிப் போகிற ஒரு லொறிக்காரர், பஞ்சிகாவத்தைப் பழைய சாமான் கடைகளில் தேடி, வைக்கோலில் சுற்றிச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தார். அவிழ்த்துப் பார்த்தால் அது கண்ணாடியே இல்லை. வளைந்த பிளாஸ்டிக். தட்டினால் சத்தம் 'டொக்' என்றது. வேறு ஏதோ பெரிய மோட்டார் சைக்கிளுக்குச் செய்தது.

அதைப் பூட்ட எனக்கு மூன்று நாள் பிடித்தது. முதலில், அதோடு வந்த கிளாம்புகள் தடித்த ஹாண்டிலுக்கு உரியவை. வீரகத்தியின் ஹாண்டிலில் அவை தாயின் சட்டையைப் போட்ட பிள்ளைபோல் ஆடின. பழைய சைக்கிள் ரியூப்பைக் கீலமாக வெட்டி, ஹாண்டிலில் மூன்று சுற்றுச் சுற்றி, அதன்மேல் கிளாம்பை இறுக்கினேன். இரண்டாவது, ஹாண்டிலை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பினால் பிரேக் கம்பி பிளாஸ்டிக்கின் அடியில் கொழுவிக்கொண்டது. நேராகப் போகும்போது தெரியாது, திருப்புகிறபோதுதான் கழுத்தை முறிக்கும். கம்பியை வேறு வழியால் இழுத்துக் கட்டினேன். மூன்றாவது, புதிதாக இரண்டு ஓட்டை போட வேண்டியிருந்தது. துறப்பணத்தை வைத்தால் வெடித்துவிடும் என்று பயந்து, கம்பியைப் பழுக்கக் காய்ச்சி மெதுவாகச் சுட்டு ஓட்டை போட்டேன். போல்ட்டுக்கு இரு பக்கமும் ரப்பர் வாசர் வைத்தேன். இறுக்கும்போது கொஞ்சம் கூட இறுக்கினால் பிளாஸ்டிக் வெடிக்கும், இளக்கமாக விட்டால் ஆட்டத்தில் வெடிக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கிறது, அதைக் கை சொல்லவேண்டும். என் கை சொன்னது. இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும்.

தலைக்கனத்தில்தான் பிழை விட்டேன். முன்கண்ணாடி என்றால் லொறிக்கு இருப்பதுபோல உயரமாக, அதற்குள்ளால் பார்க்கிறமாதிரி இருக்க வேண்டும் என்று நினைத்தேன். அவன் தலைக்கு மேலே நாலு விரல் நிற்கிறமாதிரி, செங்குத்தாக நிமிர்த்திப் பூட்டினேன். சந்தியில் எல்லோரும் வந்து பார்த்தார்கள். வீரகத்தி லொறிக்காரனாகிவிட்டான் என்றார்கள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

இரண்டாம் நாளே அவன் திரும்பி வந்தான். முகம் முழுக்கப் புழுதி, வாய் முழுக்கத் தூஷணம்.

"என்ன சாமான் பூட்டிவிட்டிருக்கிறாய்? இருபத்தைஞ்சு மைலுக்கு மேலை போனால் ஹாண்டில் பேய் பிடிச்சமாதிரி ஆடுது. சோளகத்துக்கு எதிராப் போகேக்கை ஆரோ நெஞ்சிலை கையை வைச்சுத் தள்ளுறமாதிரிக் கிடக்கு. அடியாலை காத்து வந்து மண்ணை நாடிக்கு அடிக்குது."

குறை எல்லாவற்றையும் அவன் சிரித்துக்கொண்டே சொன்னான், ஏனென்றால் வலது கண் சுத்தமாக இருந்தது. நான் கண்ணாடியைப் பின்னுக்குச் சரித்தேன், ஆட்டம் நின்றது. முன் லைட்டைச் சுற்றியிருந்த இடைவெளிக்கு ஒரு பழைய ரயர்த் துண்டை வெட்டி மறைப்புக் கட்டினேன், அடிக்காற்று நின்றது. ஒன்று மட்டும் நிற்கவில்லை. விடியற்காலைப் பனி கண்ணாடியில் படியும். பனியில் புழுதி ஒட்டும். லொறிக்குத் துடைக்கிற கை இருக்கிறது, இதற்கு இல்லை. மைலுக்கு ஒருதரம் அவன் இறங்கித் துடைத்தான். துடைக்கச் சலித்தபோது தலையைப் பக்கவாட்டில் நீட்டிப் பார்த்தான். நீட்டின ஒருநாள் ஒரு தும்பி வந்து வலது கண்ணிமைக்கு அரை விரல் கீழே அடித்தது. கன்னம் வீங்கியது.

அதை இலட்சுமி பார்த்தாள்.

புரட்டாதியில் நவராத்திரி வந்தது. கடைசி நாள் ஆயுத பூசைக்கு எங்கள் பக்கத்தில் வீட்டிலுள்ள சகல சாமானையும் தேய்த்துக் கழுவுவார்கள். கத்தி, கோடாலி, திருவலை, வலைக்கட்டை, ஒன்றும் தப்பாது. அடுத்தநாள் காலை வீரகத்தி மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். ஓட்டிவரவில்லை, சந்திவரைக்கும் ஒரு லொறியில் ஏற்றி, அங்கிருந்து தள்ளிக்கொண்டு வந்தான். முன்கண்ணாடி பால் ஊற்றினதுபோல் வெள்ளையாகிக் கிடந்தது. அதற்குள்ளால் கையை ஆட்டினால் நிழல்கூடத் தெரியவில்லை.

"இலட்சுமி சாம்பல் போட்டுத் தேய்ச்சுப்போட்டாள்" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊரில் எல்லா வீட்டிலும் விளக்குச் சிமினியைச் சாம்பல் போட்டுத்தான் துடைப்பார்கள். கண்ணாடிச் சிமினி பளிச்சென்று வரும். இதையும் கண்ணாடி என்று நினைத்து, சாம்பலும் தும்பும் வைத்து ஒரு பின்னேரம் முழுக்கத் தேய்த்திருக்கிறாள். பிளாஸ்டிக் முழுக்க மயிரிழை மயிரிழையாகக் கீறல். கடையில் நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருவன் மோட்டார் சைக்கிளுக்கும் திருநீறு பூசிவிட்டாள் என்றான். அந்தப் பகிடி அன்று பின்னேரமே முல்லைத்தீவுக்குப் போய்விட்டது, சந்தையில் பெண்கள் அவளைப் பார்த்து முகத்தைத் திருப்பிச் சிரித்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு நடந்தாள்.

நான் தேங்காய் எண்ணெய் பூசிப் பார்த்தேன். பற்பொடி போட்டு மெல்லிய துணியால் ஒரு பகல் முழுக்கத் தேய்த்தேன். கொஞ்சம் தெளிந்தது, ஆனால் பாதையைப் பார்க்கப் போதாது. புதிதாக ஒன்று வாங்கலாமென்றால் அந்த வருஷம் வெளிநாட்டுச் சாமான் வருகிற வழியெல்லாம் அடைபட்டிருந்தது, லொறிக்காரரும் இனிக் கிடைக்காது என்று கையை விரித்துவிட்டார். ஐப்பசி மழைக்கு இரண்டு மூன்று கிழமைதான் இருந்தது.

"முடிஞ்சுது வீரகத்தி" என்றேன். "சிற்றம்பலத்தாரிட்டைக் குடுத்துவிடு."

அவன் என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. ஒற்றைக் கண்ணால் ஒருவன் அவ்வளவு முறைக்கலாம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"வெட்டு" என்றான்.

"எதை?"

"கண்ணாடியை. என்ரை மூக்கு மட்டத்துக்கு வெட்டு. நான் மேலாலை பாக்கிறன்."

"விசரே உனக்கு? முகத்துக்கு முன்னாலை ஒண்டும் இல்லாட்டி அது என்னத்துக்கு?"

"பாக்கிறதுக்கு என்னட்டைக் கண் இருக்கு, பரமலிங்கம். பாக்கிறது என்ரை வேலை. மறைக்கிறதுதான் இதின்ரை வேலை. நீ ரண்டையும் அதின்ரை தலையிலை கட்டிவிட்டாய்."

எனக்குக் கோபம் வந்தது. மூன்று நாள் பாடுபட்டுப் பூட்டியவன் நான், வெட்டு என்கிறான். நான் மாட்டேன் என்றேன். அவன் சுவரில் தொங்கிய, இரும்பு அறுக்கிற வாளைத் தானே எடுத்தான். அவன் வெட்டினால் துண்டு துண்டாகப் போகும் என்று தெரிந்ததால் பறித்து நானே வெட்ட இறங்கினேன். மேல்விளிம்பு அழகாக வளைத்துச் செய்த விளிம்பு, அதை விட்டுவிட்டு அடியில் வெட்டி முழுவதையும் கீழே இறக்குவோம் என்றேன். அடியில் இடது மூலையில், ஒரு ரூபாய்க் குற்றி அளவுக்கு ஒரு வட்டம் தனியாக, மற்ற இடத்தைவிட ஆழமாகத் தேய்ந்திருந்தது. அதுவும் வெட்டோடு போய்விடும், துப்புரவாக இருக்கும் என்று காட்டினேன். வீரகத்தி அந்த வட்டத்தின் மேல் பெருவிரலை வைத்து ஒருதரம் சுற்றித் தடவினான்.

"அடி கிடக்கட்டும். மேலாலை வெட்டு" என்றான்.

மட்டம் பார்ப்பதுதான் பெரிய வேலை. வெறும் பெட்டியோடு அவனை ஏற்றி இருத்திக் கோடு கீறப்போனேன். அவன் தடுத்தான். மீன் நிறைந்தால் பின்பக்கம் அமரும், முன்பக்கம் கிளம்பும், கண்ணாடியும் கிளம்பும். ஆகவே பெட்டிக்குள் மீன் நிறைக்கு மண் நிரப்பி, அவனை ஏற்றி, விளக்குக் கரியால் கோடு கீறினேன். முதல் வெட்டுப் பிழைத்தது. பயத்தில் இரண்டு விரல் கூட விட்டுவிட்டேன், விளிம்பு சரியாகக் கண்மணிக்கு நேரே நின்றது. தெரு இரண்டாகப் பிளந்து தெரிகிறது, தலை சுற்றுகிறது என்று திரும்பி வந்தான். மறுபடி இரண்டு விரல் வெட்டினேன். விளிம்பை அரத்தால் உரஞ்சி மழித்தேன். பிறகு சரிவு. ஒரு விரல் பின்னுக்குச் சரித்தால் காற்று நெற்றியில் அடித்தது, ஒரு விரல் முன்னுக்குத் தள்ளினால் தொப்பியைத் தூக்கியது. நாலு நாள் இதே வேலை. சந்தியிலிருந்து கோயில் வரை போவான், வருவான், திட்டுவான், நான் நட்டை இளக்குவேன்.

ஐந்தாம் நாள் அவன் ஒரு சுருட்டைப் பற்ற வைத்துக்கொண்டு போனான். நாற்பது மைல் வேகத்தில் திரும்பி வந்தான். வாயில் சுருட்டு இருந்தது, சுருட்டின் நுனியில் ஒரு அங்குலச் சாம்பல் விழாமல் நின்றது. புகை அவன் முகத்துக்கு முன்னால் வீட்டுக்குள் இருந்து குடிப்பதுபோல் நிதானமாக எழும்பி, தலைக்கு மேலே போனபிறகுதான் காற்றில் பறந்தது. கண்ணாடி மூக்கு மட்டத்தில் நின்றது. காற்று அதில் ஏறி அவன் தலையைத் தாண்டிப் போனது. கண்ணுக்கு முன்னால் வெறும் வெளி. ஆனால் அந்த வெளிக்குள் காற்று இல்லை. லொறிமாதிரி உயர்த்திப் பூட்டிய என் புத்தியை நினைத்து எனக்கு என்மேலேயே ஆத்திரம் வந்தது. சாம்பல் போட்டுத் தேய்த்திராவிட்டால் நாங்கள் இரண்டு பேரும் அதைக் கண்டுபிடித்திருக்கவே மாட்டோம்.

ஐப்பசி பன்னிரண்டாம் தேதி முதல் மழை பெய்தது. விடிய வெளியே வந்தபோது என் கடை வாசலிலேயே ஈசல் புற்றிலிருந்து புகைபோல் கிளம்பிக்கொண்டிருந்தது. நான் கடையைத் திறந்துவைத்துக்கொண்டு தெருவையே பார்த்துக்கொண்டு நின்றேன். அன்று சட்டம் பேசிய மற்ற நாலு பேரும் எப்படியோ மோப்பம் பிடித்து வந்துவிட்டார்கள்.

சத்தம் கேட்டது. மோட்டார் சைக்கிள் வளைவில் திரும்பியது. பார்த்தால் மீன் பெட்டியின் மேல் இலட்சுமி இருக்கிறாள்! ஒருபக்கமாகக் கால் போட்டு, சீலையை இறுக்கிச் செருகி, ஒரு கையால் அவன் தோளைப் பிடித்தபடி. ஒரு பெண் மீன் பெட்டியில் ஏறி முல்லைத்தீவுப் பட்டினத்தைத் தாண்டி வந்ததை அந்த நாளில் யாரும் கண்டதில்லை. மற்றவன் சொன்னால் நம்பமாட்டேன், கண்ணால் பார்க்கவேண்டும் என்று அவளே ஏறியிருக்கிறாள். மீனோடு அவளும் ஏறியதில் முன்பக்கம் இன்னும் கிளம்பிவிட்டது. வீரகத்தி புறப்பட முன்பு இறங்கி, நட்டை இளக்கிக் கண்ணாடியை ஒரு விரல் முன்னுக்குத் தள்ளியிருக்கிறான். இதை அவன் பிறகு சொன்னான்.

முன்கண்ணாடியில் ஒரு சாண் இடம் மிச்சமில்லாமல் ஈசல் அடித்து ஒட்டியிருந்தது. இலட்சுமியின் தலை, புருவம், கழுத்து எல்லாம் செட்டை. உயரத்தில் இருந்ததால் அவன் தலைக்கு மேலால் போனதெல்லாம் அவள் முகத்தில் அடித்திருக்கிறது. அவள் குதித்து இறங்கினாள், அவன் கையைப் பிடித்து இழுத்து என் வாங்கில் இருத்தினாள், முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். பெருவிரலால் வலது கண்ணின் மேலிமையை மடித்துப் பார்த்தாள். கீழிமையை இழுத்துப் பார்த்தாள். மறுபடி மேலிமை. நாங்கள் ஐந்து பேரும் வாங்கைச் சுற்றிக் குனிந்து நின்றோம். அவன் கண்ணில் சிவப்புக்கூட இல்லை.

அவள் அவன் முகத்தை விட்டாள். அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள்.

"நான் தெரிஞ்சுதான் தேய்ச்சனான்" என்றாள்.

எங்களுக்கு விளங்கவில்லை. அவள் எங்களைப் பார்க்கவும் இல்லை.

"முதல் ஒரு மூலையிலை தேய்ச்சுப் பாத்தனான். கீறு விழுந்தது. பழுதாகும் எண்டு தெரிஞ்ச பிறகுதான் முழுக்கத் தேய்ச்சனான். கன்னத்திலை அந்தத் தும்பி அடிச்ச அடையாளத்தைப் பாத்தாப் பிறகு எனக்கு நித்திரை இல்லை. முதல் கண்ணிலை பாலை விட்டது இந்தக் கைதானே. மற்றதையும் போகவிடுவனே? சாமானைக் கெடுத்தா நிப்பாட்டுவியள் எண்டு நினைச்சன். ஊர் என்னை விசரி எண்டு சிரிச்சுது, சிரிக்கட்டும் எண்டு இருந்தன்."

இரண்டு கிழமையாக அவளைப் பகிடி பண்ணிய வாய்கள் எல்லாம் அங்கேதான் நின்றன, என்னுடையதும் சேர்த்து.

வீரகத்தி அவள் தலையிலிருந்து ஈசல் செட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தான்.

"தெரியும்" என்றான்.

"என்ன தெரியும்?"

"அடி மூலையிலை வட்டமா ஒரு இடம் தனியத் தேய்ச்சிருந்தனி. பாத்த உடனை விளங்கிப்போட்டுது."

இலட்சுமி தலையை நிமிர்த்தினாள். "தெரிஞ்சுகொண்டும் ஏன் ஒரு வார்த்தை கேக்கேல்லை?"

"கேட்டா நீ அழுதிருப்பாய். நீ அழுதா நான் மோட்டார் சைக்கிளைக் குடுத்திருப்பன்."

ஊரோடும் காற்றோடும் கடலோடும் சண்டை பிடித்தவன், அவளோடு மட்டும் சண்டைக்குப் போகாமல் தப்பி ஓடியிருக்கிறான். நான் வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது இலட்சுமி என் வாளியை வாங்கி, தன் சீலைத் தலைப்பை நனைத்து, முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த ஈசலைக் கழுவிக்கொண்டிருந்தாள். வெறும் தண்ணீர்தான். தலைப்பில் முடிந்திருந்த பூட்டுத் திறப்பு பிளாஸ்டிக்கில் உரஞ்சக் கண்டு, முடிச்சை அவிழ்த்து அதை அவன் சட்டைப் பைக்குள் போட்டாள்.

"மீன் கிடக்குது, ஏறுங்கோ" என்றாள். "பரந்தனிலை சிற்றம்பலத்தாரின்ரை மில் வாசலிலை ஒருக்கால் நிப்பாட்டுங்கோ."

"அங்கை என்னத்துக்கு?"

"மோட்டார் சைக்கிள் விக்கிறதில்லை எண்டு நானே சொல்ல வேணும்."

நாலு பேரில் ஒருவன், பெட்டிக்கு மேல் பொம்பிளையை ஏற்றிக்கொண்டு பரந்தன்வரைக்கும் போகப்போகிறாயா, சனம் என்ன சொல்லும் என்று மெல்ல இழுத்தான். வீரகத்தி வாங்கிலிருந்து எழும்பி, என்னிடம் ஸ்பானரை வாங்கி, கண்ணாடி ஒரு விரல் முன்னுக்கே நிற்கிறதா என்று பார்த்து நட்டை இறுக்கினான். ஏறி இருந்தான். இலட்சுமி ஏறினாள், சீலையைச் செருகினாள், அவனுடைய தோளைப் பிடித்தாள்.

"எந்தச் சட்டத்திலை எழுதிக் கிடக்கு, அண்ணை?" என்று, சனம் என்ன சொல்லும் என்றவனைப் பார்த்துக் கேட்டாள். மோட்டார் சைக்கிள் கிளம்பிவிட்டது.